மூன்று எழுத்து

இந்தச் சில்லு ஓர் எண்ணெய்ச் சாடியின் தோள்.
உடைந்த விளிம்பு என் கட்டைவிரலை ஏற்கெனவே ருசி பார்த்துவிட்டது.
கோட்டையில் பாப்பிரஸ் தீர்ந்து மாதமாகிறது.
இருந்தாலும் கழுதைக்காரன் மனைவிக்கு
யார் தரப்போகிறார்கள்?
கரியில் பிசின் குழைத்துக்கொண்டு
"சொல்" என்றேன்.

வய்யாகொம், எழுந்தான்.
வய்யஹவோஷ், கழுதைக்குச் சேணம் கட்டினான்.
வய்யேரெத், உப்புக் கடலுக்கு இறங்கினான்.

எங்கள் கதைகளில் வினை முதலில் நடக்கும்,
ஆள் பின்னால் மூச்சிரைக்க வருவான்.
ஒவ்வொரு வினையின் நெற்றியிலும் ஒரு வாவ்.
வாவ் என்றால் கொக்கி,
கூடாரத் திரையைத் தாங்குகிறதே, அதேதான்.
இன்னும் நிகழாததின் வடிவத்தை எடுத்து
அழுத்தி இந்தக் கொக்கியை மாட்டினால்
அது நேற்றாகிவிடுகிறது.
ஏன் என்று கேட்காதீர்கள்.
எழுத்தறியாத இடையனும்
ஓநாயைப் பற்றிச் சொல்லும்போது இதைத்தான் செய்கிறான்.

மெஷுல்லேமெத் கொக்கி கொக்கியாகச் சொன்னாள்.
ஒரே இடத்தில்தான் சங்கிலி அறுந்தது:
"கிணறோ, அந்த மாதம் வற்றியிருந்தது."
கிணறு முந்திக்கொண்டதும்
கதை நடையை நிறுத்திப் பக்கவாட்டில் பார்த்தது.
பிறகு மறுபடி கொக்கி,
உப்பை அள்ளினான், மூட்டை கட்டினான்,
ஏற்றத்தில் ஏறினான்

என் கை அவள் வாயை முந்திவிட்டது.
இறங்கியவன் ஏறினால் அடுத்த சொல் என்ன?
வாவ், யோத், ஷீன், பேத்.
"நான் இன்னும் வாயே திறக்கவில்லையே" என்றாள்.

அந்த நான்கு எழுத்தை
திரும்பினான் என்றும் படிக்கலாம்,
தங்கிவிட்டான் என்றும் படிக்கலாம்.
உயிரொலியை நாங்கள் எழுதுவதில்லை,
வாயிலேயே வைத்திருக்கிறோம்.
திரும்பினான் என்றால், எங்கே, கூட்டிவா.
தங்கிவிட்டான் என்றால் ஓடிப்போனவன்.
திரும்பவில்லை என்று நேராக எழுதினால்
கதை அங்கேயே உட்கார்ந்துவிடும்;
பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள்,
அவன் பங்குத் தானியமும் நிற்கும்.
இரண்டு குளிர்காலமாக
அந்தப் படியில்தான் மூன்று வயிறு.

கத்தியால் சுரண்டினேன்.
சில்லில் ஒரு வெளுத்த வடு.

"ஷூவாயேல் என்று பெயர் வைத்தார்கள்.
அதற்குள்ளேயே ஒரு 'திரும்பு' கிடக்கிறது.
அதை எழுதேன்."

முடிந்துபோன வடிவத்துக்கும் ஒரு கொக்கி உண்டு,
மெல்ல மாட்ட வேண்டியது.
மாட்டினால் திரும்பினான் என்பது
திரும்புவான் ஆகும்.
வாவ், ஷீன், பேத்.
சுரண்டிய இடத்துக்கு அளவெடுத்ததுபோல மூன்றே எழுத்து.
அதையே, திரும்பிக்கொண்டிருக்கிறான் என்றும் சொல்லலாம்,
இந்த நிமிடம்கூட, ஏதோ ஒரு வளைவில்.
எரிச்சலில் இருப்பவன் படித்தால்
"உட்கார்" என்றும் வரும்.
இதை நான் அவளிடம் சொல்லவில்லை.
அவன் படிப்பதைப் பொறுத்தது படி.

வாசலில் நின்று அஸ்ரிகாம் உரக்க வாசித்தான்.
எழுந்தான், கட்டினான், இறங்கினான்,
கிணற்றருகே கொஞ்சம் இருமினான்,
மூன்று எழுத்தில் நின்றுவிட்டான்.
உதடு ஒன்றைத் தொட்டது, விட்டது,
இன்னொன்றைத் தொட்டது.
அவள் அந்த வாயையே பார்த்தாள்,
தானியம் அளக்கும் கையைப் பார்ப்பதுபோல.

"வெஷாவ்" என்றான், சளி கட்டிய குரலில்.
எந்த வெஷாவ் என்று அவன் சொல்லவுமில்லை,
நாங்கள் கேட்கவுமில்லை.
கிடங்குக்காரன் பக்கம் திரும்பி
"வெநாதத்தா" என்றான்.
கொடுத்தாய் என்கிற சொல்தான்;
கொக்கி இருப்பதால் கொடுப்பாய்.

கிடங்குக்காரன் வாற்கோதுமை அறைக்குப் போனான்.
அவள்,
இதற்குக் கொக்கியே கிடையாது,
சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி
நின்றுகொண்டிருக்கிறாள்.